துவர்ப்பு: உமிழ்நீரும் டானினும்

துவர்ப்பு என்பது வாயின் உட்புறம் வறண்டு சொரசொரப்பாகி, கன்னங்கள் உள்ளே இழுபடுவதுபோல் தோன்றும் உணர்வு. நாவற்பழம், கொய்யாப் பிஞ்சு, வாழைப்பூ, கொட்டைப்பாக்கு, கடுக்காய், மாதுளந்தோல், நெடுநேரம் கொதித்த தேயிலைச் சாறு, சிவப்பு ஒயின் ஆகியவற்றில் அது மேலோங்கி நிற்கிறது. இவை பல தாவரக் குடும்பங்களைச் சேர்ந்தவை. மணத்திலும் இனிப்பிலும் புளிப்பிலும் ஒன்றுக்கொன்று ஒப்பில்லாதவை. இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பவை பாலிஃபீனால் சேர்மங்கள். அவற்றுள் முதன்மையானவை டானின்கள்.

சர்க்கரை நாவின் சுவை மொட்டில் உள்ள ஏற்பியில் பொருந்தும்போது இனிப்பு தோன்றுகிறது. துவர்ப்பு தோன்றும் வழி வேறு. டானின் உமிழ்நீரில் உள்ள புரதங்களைப் பற்றிக்கொண்டு, அவற்றை நீரிலிருந்து பிரித்து வீழ்படிவாக்குகிறது. வாயை வழவழப்பாக வைத்திருந்த படலம் குலைகிறது. நாவும் அண்ணமும் கன்னமும் ஒன்றோடொன்று உராய்கின்றன. அந்த உராய்வே துவர்ப்பாக உணரப்படுகிறது. ஆகவே துவர்ப்பை விளக்க டானினின் வேதியியல் மட்டும் போதாது. உமிழ்நீரின் இயல்பும் சேர்ந்தாக வேண்டும்.

டானின்களின் அமைப்பு

டானின் பற்றிய அறிவு தோல் பதனிடும் தொழிலிலிருந்து தொடங்கியது. ஓக் மரப்பட்டைச் சாற்றில் ஊறிய விலங்குத் தோல் அழுகாத லெதராக மாறக் காரணமான பொருளுக்கு 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் இப்பெயர் வழங்கலாயிற்று. 1803-இல் ஹம்ஃப்ரி டேவி லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் துவர்ப்புள்ள தாவரப் பொருள்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். வெற்றிலையுடன் சேர்த்து மெல்லப்படும் காசுக்கட்டியில் டானின் மிகுந்திருப்பதை, பம்பாயிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த மாதிரிகளைக் கொண்டு அவர் காட்டினார்.

இன்று பரவலாக எடுத்தாளப்படும் வரையறையை 1962-இல் பேட்-ஸ்மித், ஸ்வைன் ஆகிய இருவரும் தந்தனர். நீரில் கரைவதும், மூலக்கூறு எடை 500 முதல் 3,000 வரை உள்ளதும், ஆல்கலாய்டுகளையும் ஜெலட்டின் முதலான புரதங்களையும் வீழ்படிவாக்க வல்லதுமான பீனால் சேர்மமே டானின் என்பது அவ்வரையறை. இந்த எல்லையைத் தாண்டிய பெரிய மூலக்கூறுகளும் பின்னர் கண்டறியப்பட்டு இவ்வகையில் சேர்க்கப்பட்டுள்ளன. எல்லா டானின்களிலும் பீனால் வளையங்கள் பல உண்டு. ஒவ்வொரு வளையத்திலும் ஹைட்ராக்சில் தொகுதிகள் ஒட்டியிருக்கும். ஒரே மூலக்கூறு பல இடங்களில் ஒரே நேரத்தில் பிணைய முடிவதற்கு இந்த அமைப்பே காரணம்.

நிலத் தாவரங்களின் டானின்கள் இரு பெரும் பிரிவாகின்றன. முதலாவது, நீரால் பகுக்கப்படும் டானின்கள். இவற்றின் நடுவில் பெரும்பாலும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு இருக்கும். அதைச் சுற்றிக் காலிக் அமிலமோ அதிலிருந்து உருவான அமிலங்களோ இணைந்திருக்கும். ஓக் மரக் கிளையில் ஒருவகைச் சிறு குளவி முட்டையிடுவதால் உண்டாகும் மாசிக்காயில் காலோடானின் நிறைந்திருக்கிறது. கடுக்காயில் செபுலினிக் அமிலமும் செபுலாஜிக் அமிலமும், மாதுளந்தோலில் புனிகலாஜினும் உள்ளன. அமிலமோ நொதியோ இவ்வகை டானின்களைச் சர்க்கரையாகவும் எளிய அமிலங்களாகவும் பிரித்துவிடும்.

இரண்டாவது, செறிவுற்ற டானின்கள். இவற்றில் சர்க்கரை மையம் கிடையாது. கேட்டச்சின், எபிகேட்டச்சின் போன்ற அலகுகள் ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலியாகின்றன. திராட்சையின் விதையிலும் தோலிலும், பாக்கிலும், கோகோவிலும், வாழையிலும், செந்நிறச் சோள வகைகள் சிலவற்றிலும், ஆவாரம்பட்டையிலும் இருப்பவை இவையே. சங்கிலி நீள நீளப் புரதத்தைப் பற்றும் ஆற்றல் பொதுவாகக் கூடுகிறது. மிக நீண்டு நீரில் கரையாத நிலையை எட்டியதும் அந்த ஆற்றல் பயனற்றுப் போகிறது.

தேயிலையின் நிலை சற்று வேறு. பறித்த கொழுந்தின் உலர் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை பாலிஃபீனால்கள் இருக்கலாம். அவற்றுள் முதன்மையான எபிகாலோகேட்டச்சின் காலேட்டின் மூலக்கூறு எடை 458 மட்டுமே. வரையறைப்படி அது முழு டானின் ஆகாது. ஆயினும் அதில் இணைந்துள்ள காலிக் அமிலப் பகுதி புரதத்தை வலுவாகப் பற்றுவதால் துவர்ப்பு மிகுதியாகத் தோன்றுகிறது. கொழுந்தைக் கசக்கி நொதிக்க விடும்போது இலையின் நொதி இச்சேர்மங்களை ஆக்சிஜனுடன் வினைபுரியச் செய்து, தியாஃபிளேவின்களாகவும் தியாரூபிஜின்களாகவும் மாற்றுகிறது. கறுப்புத் தேயிலையின் செந்நிறமும் அதற்கே உரிய துவர்ப்பும் இவற்றிலிருந்து வருகின்றன.

தாவரத்துக்கு டானின் எதற்கு

டானின் தாவரத்தின் தற்காப்புப் பொருள்களுள் ஒன்று. செல்லின் சொந்தப் புரதங்களையும் அது பற்றிக்கொள்ளும் என்பதால், தாவரம் அதை வாக்குவோல் எனப்படும் தனி அறைக்குள் அடைத்து வைக்கிறது. பூச்சியோ விலங்கோ இலையைக் கடிக்கும்போது அறை உடைந்து டானின் வெளிவருகிறது. தின்ற உயிரின் வாயிலும் குடலிலும் உள்ள புரதங்களைப் பற்றுகிறது.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுக்கு அருகிலுள்ள வைத்தம் காட்டில் பால் ஃபீனி நடத்தி 1970-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பெயர்பெற்ற சான்று. ஓக் இலையைத் தின்னும் அந்துப்பூச்சிப் புழுக்கள் பல, இலை துளிர்க்கும் இளவேனிற் காலத்திலேயே தின்று முடித்துவிடுகின்றன. கோடை முதிர முதிர இலையில் டானின் ஏறுகிறது, இலையும் தடிக்கிறது. அதற்குமேல் அது புழுக்களுக்கு ஏற்ற உணவாக இருப்பதில்லை. ஆப்பிரிக்காவில் குவேலியா என்னும் சிறு பறவைகள் பெருங்கூட்டமாக வந்து கதிரை அழிக்கும் பகுதிகளில், டானின் மிகுந்த சோள வகைகளை உழவர்கள் விரும்பிப் பயிரிடுவதும் இதே காரணத்தால்தான்.

பழத்தில் இத்தற்காப்பு குறிப்பிட்ட காலம் வரையே தேவைப்படுகிறது. விதை முற்றும்வரை காயை விலங்குகள் தீண்டாமல் இருக்க வேண்டும். முற்றியபின் அவை தின்று விதையைப் பரப்ப வேண்டும். காய் பழுக்கும்போது டானின் பெரும்பாலும் மறைந்துவிடுவதில்லை. அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்றும் பழத்தின் பிற பொருள்களோடும் பிணைந்து, நீரில் கரையாத நிலையை அடைகின்றன. கரையாத டானின் உமிழ்நீரில் கலக்காது, கலக்காததால் துவர்க்காது. வாழைக்காய் பழமாகும்போது நிகழ்வது இதுவே.

ஜப்பானில் இம்மாற்றத்தைச் செயற்கையாகவே உண்டாக்குகிறார்கள். அங்கு விளையும் காக்கிப் பழத்தில் ஒருவகை, நன்கு குழையும்வரை வாயில் வைக்க முடியாத அளவுக்குத் துவர்க்கும். பறித்த பழங்களைக் கார்பன் டை ஆக்சைடு நிரப்பிய அறையிலோ ஆல்கஹால் ஆவியிலோ வைத்தால், பழத்துக்குள் அசிட்டால்டிஹைடு உருவாகிறது. அது டானின்களை ஒன்றோடொன்று பிணைத்துக் கரையாதவையாக்குகிறது. பழம் கெட்டியாக இருக்கும்போதே துவர்ப்பு நீங்கிவிடுகிறது.

உமிழ்நீர்ப் படலம்

மனித வாயில் ஒரு நாளில் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. அதில் 99 சதவீதத்துக்கு மேல் நீர். எஞ்சிய சிறு பகுதியில் உள்ள புரதங்களும் உப்புகளும்தான் உமிழ்நீரை வெறும் நீரிலிருந்து வேறுபடுத்துகின்றன. வாயின் உட்பரப்பில் இது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தடிமனுள்ள படலமாகப் படிந்திருக்கிறது. மியூசின் எனப்படும் நீண்ட, சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டிய புரதங்கள் அப்படலத்துக்கு வழவழப்பைத் தருகின்றன. பேசும்போதும் மெல்லும்போதும் நாவு அண்ணத்தின்மேல் தடையின்றி வழுக்கிச் செல்வது இப்படலத்தால்தான்.

டானினோடு நேரடியாக மோதுவது வேறொரு புரதக் கூட்டம். காதுக்கு முன்னால் கன்னத்தில் அமைந்த மேலண்ணச் சுரப்பியின் உமிழ்நீரில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ 70 சதவீதம், புரோலின் என்னும் அமினோ அமிலம் செறிந்த புரதங்கள். இவற்றின் அமினோ அமிலங்களில் நான்கில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரு பங்கு வரை புரோலினே. இவற்றில் அமிலத்தன்மை உள்ளவை கால்சியத்தைப் பற்றி வைத்துப் பல்லைக் காக்கின்றன. சர்க்கரை ஒட்டியவை வழவழப்புக்கு உதவுகின்றன. காரத்தன்மை உள்ளவற்றுக்கு டானினைப் பிடிப்பதைத் தவிர வேறு முக்கிய வேலை எதுவும் தெளிவாகக் கண்டறியப்படவில்லை. ஹிஸ்டாட்டின், ஸ்டாதெரின் போன்ற சிறு உமிழ்நீர்ப் புரதங்களும் டானினோடு பிணைகின்றன.

பிணைப்பு நிகழும் விதம்

பெரும்பாலான புரதங்கள் சுருண்டு மடிந்து உருண்டையாகின்றன. அவற்றின் உட்பகுதியை வெளிப்பொருள்கள் எளிதில் அணுக முடியாது. புரோலினின் வளைய அமைப்பு சங்கிலியை அவ்வாறு மடிய விடுவதில்லை. ஆகவே புரோலின் செறிந்த புரதம் நீரில் நீண்டு விரிந்தே கிடக்கிறது. அதன் முழு நீளமும் டானினுக்குத் திறந்திருக்கிறது.

புரோலினின் வளையம் தட்டையானது. டானினின் பீனால் வளையமும் தட்டையானது. இரண்டும் நீரை விலக்கும் இயல்பால் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. டானினின் ஹைட்ராக்சில் தொகுதிகள் புரதச் சங்கிலியின் ஆக்சிஜன் அணுக்களோடு ஹைட்ரஜன் பிணைப்பு கொண்டு அந்தப் பிடியை இறுக்குகின்றன. தனித்தனியே நோக்கினால் இப்பிணைப்புகள் வலுவற்றவை. ஒரு மூலக்கூறில் பல இடங்களில் ஒருசேர அமைவதால் அவை வலுப்பெறுகின்றன.

நிகழ்வு மூன்று படிகளில் நடக்கிறது. முதலில் ஒரு புரதச் சங்கிலியின் பல இடங்களில் டானின் மூலக்கூறுகள் படிகின்றன. விரிந்து கிடந்த சங்கிலி அவற்றைச் சுற்றிச் சுருங்குகிறது. அடுத்து, ஒரு சங்கிலியில் படிந்த டானின் இன்னொரு சங்கிலியையும் பற்றுகிறது, இரண்டும் இணைகின்றன. இறுதியில் இத்தகைய இணைகள் பல திரண்டு, நீரில் மிதக்க இயலாத அளவுக்குப் பெருத்து, நுண்துகள்களாகப் படிகின்றன. தெளிந்த உமிழ்நீரில் டானின் கரைசலைக் கலந்தால் அது கண்முன்னே கலங்கிப்போவதைக் காணலாம்.

விலங்குத் தோல் லெதராவதும் இதே வேதியியலால்தான். தோலின் முதன்மைப் புரதமான கொலாஜனில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரோலினும் அதன் நெருங்கிய உறவான ஹைட்ராக்சிபுரோலினும் உள்ளன. டானின் கொலாஜன் இழைகளின் இடையே புகுந்து அவற்றைக் குறுக்காகப் பிணைக்கிறது, நீர் வெளியேறுகிறது, நுண்ணுயிர்களால் அவ்விழைகளைச் சிதைக்க முடிவதில்லை. தமிழ்நாட்டில் இ.ஐ. லெதர் என்று பெயர்பெற்ற பதனிட்ட தோல் ஆவாரம்பட்டையாலும், பின்னாளில் வாட்டில் பட்டையாலும் பதப்படுத்தப்பட்டு, கடுக்காய்ச் சாற்றில் நிறைவு செய்யப்பட்டது. தோல் தொட்டியில் பல நாள் நடக்கும் வினையின் சிறு வடிவம் கடுக்காயை மெல்லும் வாயில் சில நொடிகளில் நடக்கிறது. அங்கே டானின் தோலின் கொலாஜனைப் பற்றுகிறது. இங்கே உமிழ்நீர்ப் புரதத்தைப் பற்றுகிறது.

சுவையா, தொடுவுணர்வா

தமிழ் மரபு துவர்ப்பை அறுசுவையுள் ஒன்றாகக் கொள்கிறது. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டிலும் சுவைகளின் பட்டியலில் அதற்கு இடம் தந்தார். இன்றைய உடலியல் அடிப்படைச் சுவைகளாக இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி ஆகிய ஐந்தையே கொள்கிறது. துவர்ப்பு பெரும்பாலும் தொடுவுணர்வின் கணக்கில் சேர்கிறது.

இம்முடிவுக்கு வலுவூட்டிய சோதனை ஒன்றை 1993-இல் அமெரிக்காவில் பிரெஸ்லினும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டனர். மேலுதட்டுக்கும் ஈறுக்கும் இடையே சுவை மொட்டுகள் இல்லை. அவ்விடத்தில் துவர்ப்புப் பொருளை வைத்தபோதும் துவர்ப்பு உணரப்பட்டது. உதட்டை அசைத்துத் தேய்த்தபோது அது மிகுந்தது. சுவை மொட்டு இல்லாத இடத்தில் எழுவதும், அசைவினால் கூடுவதும் தொடுவுணர்வின் இயல்புகள்.

ஜெர்மனியில் 2014-இல் வெளியான மற்றோர் ஆய்வு நரம்புகளின் பங்கைப் பிரித்துக் காட்டியது. நாவின் முன்பகுதியிலிருந்து சுவையை மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்பை இழந்தவர்களும் துவர்ப்பை உணர்ந்தனர். முகத்தின் தொடுவுணர்வையும் வலியையும் சுமக்கும் முக்கிளை நரம்பையும் சேர்த்து மரத்துப்போகச் செய்தபோது துவர்ப்பு மறைந்தது. அந்நரம்பின் செல்களைச் சில பாலிஃபீனால்கள் நேரடியாகவே தூண்டுவதையும் அந்த ஆய்வு கண்டது. ஆகவே உராய்வு முதன்மையான காரணமாக இருக்க, நரம்பின் நேரடித் தூண்டலுக்கும் ஒரு பங்கு உண்டு.

துவர்ப்பும் கசப்பும் அடிக்கடி சேர்ந்தே வருவதால் ஒன்றோடொன்று குழப்பப்படுகின்றன. கேட்டச்சின் போன்ற சிறு மூலக்கூறுகள் கசப்பு ஏற்பிகளிலும் பொருந்துகின்றன. மூலக்கூறு பெருக்கப் பெருக்கக் கசப்பு தணிந்து துவர்ப்பு ஓங்குகிறது. டானின் அல்லாத துவர்ப்புப் பொருள்களும் உண்டு. படிகாரத்தில் உள்ள அலுமினிய அயனி உமிழ்நீர்ப் புரதத்தை வேறு வழியில் திரட்டுகிறது. செறிந்த அமிலங்களும் ஓரளவு துவர்க்கின்றன.

துவர்ப்பின் கால அளவு

இனிப்பும் உப்பும் வாயில் பட்டவுடன் தெரிகின்றன. விழுங்கியதும் விரைவில் தணிகின்றன. துவர்ப்பு மெதுவாக எழுகிறது. அது உச்சத்தை அடையப் பத்து நொடிக்கு மேலும் ஆகலாம்; விழுங்கிய பின்னும் நிமிடக் கணக்கில் நிற்கலாம். புரதம் திரளவும் படலம் குலையவும் நேரம் வேண்டும்; புதிய உமிழ்நீர் சுரந்து படலம் மீளவும் நேரம் வேண்டும். மீள்வதற்குள் அடுத்த மிடறு உள்ளே போனால் எஞ்சிய படலமும் குறைகிறது. அதனால் துவர்ப்பு மிடறுக்கு மிடறு ஏறுகிறது. மற்றச் சுவைகள் தொடர்ந்து நுகரும்போது மங்குவதற்கு இது நேர்மாறு.

உடனிருக்கும் பொருள்களும் துவர்ப்பின் அளவை மாற்றுகின்றன. புளிப்பு கூடினால் துவர்ப்பும் கூடுகிறது. இனிப்பும் பானத்தின் கெட்டித்தன்மையும் அதைக் குறைக்கின்றன. உமிழ்நீர் மிகுதியாகச் சுரப்பவர்களுக்கு விரைவில் தணிகிறது. குறைவாகச் சுரப்பவர்களுக்கு நீடிக்கிறது.

கொழுப்பு துவர்ப்பின் எதிர்முனை. எண்ணெயும் நெய்யும் வாயில் படலத்தைத் தடிக்கச் செய்கின்றன. டானின் அதைக் கலைக்கிறது. கொழுப்பு மிகுந்த இறைச்சியின் இடையிடையே மென்மையான துவர்ப்புப் பானத்தை அருந்தியபோது வாயின் கொழுப்புணர்வு குறைந்ததை 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. எண்ணெய்ப் பலகாரத்தோடு தேநீரும், கொழுத்த இறைச்சியோடு சிவப்பு ஒயினும் பொருந்துவதற்கு இது ஒரு காரணம்.

சமையலிலும் பானங்களிலும்

டானின் வாய்க்குள் வருமுன் அதற்கு வேறொரு புரதத்தைக் கொடுத்துவிட்டால் உமிழ்நீர்ப் புரதம் தப்பிக்கிறது. துவர்ப்பைக் குறைக்கும் பழைய வழிகள் பலவற்றின் அடிப்படை இதுவே.

வாழைப்பூவின் கள்ளனை நீக்கி நறுக்கியதும் மோர் கலந்த நீரில் போடும் வழக்கம் தமிழ்நாட்டுச் சமையலறைகளில் பரவலானது. மோரின் புளிப்பு பூ கறுப்பதைத் தடுக்கிறது. நறுக்கிய இடத்திலிருந்து வெளிவரும் டானினின் ஒரு பகுதி நீரில் இறங்குகிறது. மோரில் உள்ள கேசின் புரதம் அதைப் பற்றிக்கொள்கிறது. கேசினும் புரோலின் மிகுந்த, இறுகி மடியாத புரதம். தேநீரில் பால் சேர்க்கும்போதும் இதே கேசின்தான் பாலிஃபீனால்களைப் பற்றித் துவர்ப்பைத் தணிக்கிறது. இலையை நெடுநேரம் கொதிக்கவிட்டு இறக்கிய கடும் சாறும் பால் சேர்ந்தபின் குடிக்கத் தக்கதாவது இதனால்தான்.

பிரான்சின் போர்தோ பகுதியில் சிவப்பு ஒயினுக்கு முட்டையின் வெள்ளைக்கரு இவ்வேலையைச் செய்கிறது. 225 லிட்டர் பீப்பாய் ஒன்றில் சில முட்டைகளின் வெள்ளைக்கருவைக் கலந்தால், அதன் புரதம் கரடான டானின்களைப் பற்றி அடியில் படிகிறது. தெளிந்த ஒயின் மேலிருந்து வடிக்கப்படுகிறது. சிவப்பு ஒயின் திராட்சைத் தோலோடும் விதையோடும் சேர்த்தே நொதிக்கப்படுவதால் அதில் டானின் மிகுகிறது. வெள்ளை ஒயினுக்குச் சாறு மட்டும் பிழிந்தெடுக்கப்படுவதால் மிகக் குறைவு. ஆண்டுகள் செல்லச் செல்லச் சிவப்பு ஒயினின் டானின்கள் பிளந்தும் மறுபடி இணைந்தும் நிறமிகளோடு சேர்ந்தும் உருமாறுகின்றன, துவர்ப்பு மென்மையாகிறது.

உடலின் தகவமைப்பு

உமிழ்நீர்ப் புரதம் டானினிடம் இழக்கப்படுவது வீண் இழப்பு அன்று. டானின் வாயிலேயே பிணைக்கப்பட்டுவிட்டால், குடலில் உள்ள செரிமான நொதிகளையும் உணவின் புரதத்தையும் அது பற்ற முடியாது.

அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 1980-களில் நடந்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. டானின் மிகுந்த சோளத்தைத் தின்ற எலிகளின் மேலண்ணச் சுரப்பி சில நாள்களிலேயே பெருத்தது. புரோலின் செறிந்த புரதங்களின் சுரப்பு பன்மடங்கு கூடியது. தொடக்கத்தில் எடை இழந்த எலிகள் அதன்பின் வளரத் தொடங்கின. அவ்வாறு சுரப்பைப் பெருக்க இயலாத வெள்ளெலி இனமான ஹாம்ஸ்டர்கள் அதே உணவில் வளராமல் நலிந்தன. இலைதழைகளைக் கடித்துத் தின்னும் மான்களின் உமிழ்நீரில் டானினைப் பற்றும் புரதங்கள் உண்டு; புல்லையே பெரிதும் மேயும் மாட்டிலும் செம்மறியாட்டிலும் அவை இல்லை. மனித உமிழ்நீரில் இப்புரதங்கள் உணவைச் சாராமல் எப்போதும் சுரக்கின்றன. மனித இனத்தின் முன்னோர் டானின் உள்ள காய், இலை, பட்டைகளை நெடுங்காலம் உண்டு வந்ததோடு இது பொருந்துகிறது.

உணவூட்டத்தில் டானின்

பெரிய டானின் மூலக்கூறுகள் குடற்சுவரைக் கடந்து இரத்தத்தில் சேர்வதில்லை. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அவற்றைச் சிறு துண்டுகளாக்குகின்றன. மாதுளையின் எலாஜிடானின்களிலிருந்து யூரோலித்தின்கள் உருவாகி உடலில் சேர்வது அவ்வழியில்தான்.

கவனம் தேவைப்படுவது இரும்புச் சத்தில். வாழைக்காய் அரிந்த இரும்பு அரிவாள்மனை கறுப்பது டானினும் இரும்பும் சேர்ந்து உண்டாக்கும் கருநீலச் சேர்மத்தால். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுதப் பயன்பட்ட மை, மாசிக்காய்ச் சாற்றையும் இரும்பு உப்பையும் கலந்து செய்த இதே சேர்மம். குடலிலும் இப்பிணைப்பு நிகழ்கிறது: கீரை, பருப்பு, தானியங்களில் உள்ள இரும்பை டானினும் தேயிலைப் பாலிஃபீனாலும் பற்றிக்கொள்வதால் அது உடலில் சேர்வது பெருமளவு குறைகிறது. இறைச்சியிலும் மீனிலும் ஹீம் வடிவில் உள்ள இரும்பை இது அதிகம் பாதிப்பதில்லை.

ஆகவே தாவர உணவையே நம்பியிருப்போரும், கருவுற்ற பெண்களும், இரத்தசோகை உள்ளோரும் உணவோடு சேர்த்துத் தேநீர் அருந்துவதைத் தவிர்ப்பது நல்லது. உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேர இடைவெளி விட்டாலே தடை வெகுவாகக் குறைகிறது. எலுமிச்சைச் சாறு, பழுத்த கொய்யா போன்ற வைட்டமின் சி மிகுந்தவற்றை உணவோடு சேர்த்துக்கொள்வது இரும்பு உறிஞ்சப்படுவதற்குத் துணைசெய்கிறது.